கைத்துப்பாக்கியும் அப்பச்சட்டியும்

ஹம், ஜெர்மனி
11.02.2024

அன்புள்ள தங்கச்சி சிசிலிக்கு,

உன் அண்ணன் லோறன்ஸ் எழுதுகிறேன். எனக்குச் சுகம். குளிருக்கு முழங்கால் மட்டும் பழைய கதவு மாதிரிக் கிறீச்சிடுகிறது. ஆண்டவர் துணையால் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை எனக்கு ஒருவரும் எழுதித் தரவில்லை. நானேதான் எழுதுகிறேன். நம்பாவிட்டால் எழுத்தைப் பார். உன் மச்சாள் டொறத்தி எழுதினால் எறும்பு போகிற மாதிரி நேராகப் போகும். இது குடித்தவன் நடை மாதிரிப் போகிறது. எழுபத்திரண்டு வயதில் 'அ' எழுதப் பழகினேன், சிசிலி! புதன்கிழமைகளில் நிரஞ்சனா ரீச்சர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு வைக்கிறா. முதல் முதல் என் பெயரை எழுதிய நாளில், பஸ்ஸில் வரும்போது பனி பிடித்த கண்ணாடியிலும் அதை எழுதினேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை அது என்ன படம் என்று கேட்டது.

என் மனுசி டொறத்தி கண் மூடி இரண்டு வருடம். அதன் பிறகு உனக்கு ஒரு வரி போகவில்லை. தொலைபேசி எடுத்தால் உனக்குக் காது கேட்காது. யாரையாவது பிடித்து, நான் சொல்லச் சொல்ல எழுது என்று கேட்கலாம்தான். ஆனால் தனியாக இருக்கிறேன் என்பதை இன்னொருவர் பேனாவால் எப்படிச் சொல்வது?

ஒரு புதினம். மேல் வீட்டில் லோத்தர் என்று ஒருவன் இருக்கிறான். சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு எடுத்தவன். படிக்கட்டில் கண்டால் தலையாட்டுவான், வேறு பேச்சு இல்லை. நத்தார் பண்டிகை முடிந்த கையோடு கதவைத் தட்டி, "சனிக்கிழமை என்ன செய்கிறாய்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். "அப்ப வா" என்று ஒரு சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே எல்லாரும் வரிசையாக நின்று சுடுவார்கள். நானும் சுடப் பழகுகிறேன். காதுக்குத் தடித்த மூடி தருகிறார்கள். சுட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்த வேலை அலுப்பு, எனக்கு அதுதான் விருப்பம். கரி முழுவதும் துணியில் வந்து, இரும்பு மினுங்கும்போது மனதுக்கு ஒரு நிறைவு.

அந்தச் சாமானின் பெயரையும் எழுதத்தான் பார்த்தேன். ஒரே சொல்லில் இரண்டு இடத்தில் எழுத்து இரட்டிக்கிறது. எங்கே என்று குழம்பித் தாளைக் கிழித்ததுதான் மிச்சம். பெயர் எழுதாவிட்டாலும் உனக்கு விளங்கும்.

கை நோகிறது. மூன்று கோப்பை தேத்தண்ணி முடிந்துவிட்டது. பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

உன் அண்ணன்
லோறன்ஸ்


மன்னார்
17.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்குச் சுகம். காது மட்டும் பழையபடிதான். ஆனால் கடிதம் வாசிக்கக் காது தேவையில்லையே.

தபால்காரர் கையில் இருக்கும்போதே முகவரி எழுத்தைக் கண்டு, சின்னப்பிள்ளை யாரோ எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே பார்த்தால் நீங்கள்! ஒவ்வொரு எழுத்தும் மற்றதோடு கோபம் மாதிரித் தள்ளித் தள்ளி நிற்கிறது. பரவாயில்லை, போகப்போகச் சமாதானமாகிவிடும். பக்கத்து வீட்டு ரீச்சருக்கும் காட்டினேன். அவ கண்ணைத் துடைத்துக்கொண்டா.

அண்ணை, நீங்கள் அடுப்பங்கரைக்குள் வந்த கதையை என்னால் நம்ப முடியவில்லை! மச்சாள் இருந்தவரைக்கும் தண்ணீர் கூடக் கொதிக்க வைக்காத மனுசன், இன்றைக்கு வெள்ளைக்காரரோடு வரிசையில் நின்று அப்பம் சுடுகிறாராம். காதுக்கு எதற்கு மூடி? அடுப்புச் சூட்டுக்கா? நல்ல சனம்தான். நீங்கள் எழுத முடியாமல் விட்ட பெயர் அப்பச்சட்டி தானே? அதில் இரண்டு இடத்தில் இல்லை அண்ணை, மூன்று இடத்தில் இரட்டிக்கும். அ-ப்-ப-ச்-ச-ட்-டி. எண்ணிப் பாருங்கள்.

இந்த மாதம் என் மனுசனுடைய ஆண்டுப் பூசை நடந்தது. மகள் ஜெசிக்கா காசு அனுப்பினாள். வந்தவர்களுக்குப் பாணும் பருப்பும் கொடுத்தேன். அடுத்த வீட்டுப் பெடியன் ஒரு விளையாட்டுத் துப்பாக்கியோடு வந்தான். வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டேன். அவன் அழுதான். அழட்டும். எங்கிருந்தோ வந்த ஒரு வெடி என் பீலிக்சைக் கொண்டுபோனது. அந்தச் சாமானோ அதன் பேச்சோ என் வீட்டுப் படி ஏறக் கூடாது. அது உங்களுக்குத் தெரியும்தானே.

அடுத்த கடிதத்தில் என்ன அப்பம் என்று எழுதுங்கள். பாலப்பமா, வெள்ளை அப்பமா?

உங்கள் தங்கச்சி
சிசிலி


ஹம்
14.04.2024

அன்பு மருமகள் ஜெசிக்காவுக்கு,

டுசல்டோர்ஃப் எப்படி? முதியோர் இல்லத்து வேலையில் உன் இடுப்பு எப்படி? மாமா சுகம்.

கடிதம் கண்டு பயப்படாதே, நான் சாகவில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய். நான் சொல்லி முடிக்க மாட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் அம்மாவுக்கு, சங்கத்துக்குப் போய்ச் சுடுகிறேன் என்று எழுதினேன். எழுத வருகிற சந்தோசத்தில் யாருக்கு எழுதுகிறேன் என்பதை மறந்துவிட்டேன். துப்பாக்கி என்று எழுத வரவில்லை, விட்டுவிட்டேன். அவள் நான் அப்பம் சுடுகிறேன் என்று நினைத்துச் சந்தோசப்பட்டு எழுதியிருக்கிறாள். உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு வெடி பட்ட நாளில் இருந்து அவள் அந்தச் சொல்லைக் கூட வீட்டுக்குள் விடுவதில்லை. அவள் எழுதுவதை நிறுத்திவிடுவாள். எனக்குத் தபால்பெட்டியில் வருவது இரண்டே இரண்டு. ஒன்று மின்சாரக் கட்டணம். மற்றது உன் அம்மா.

என்ன செய்ய?

மாமா லோறன்ஸ்


டுசல்டோர்ஃப்
20.04.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லாயிருக்கிறன். இடுப்பும் இருக்கிற இடத்திலைதான் இருக்கு. கடிதத்துக்குக் கடிதம்தான் எழுத வேணும் எண்டு நீங்கள் ஒற்றைக்கால்லை நிப்பியள் எண்டு தெரியும். அதாலை முத்திரை தேடிக் கடை கடையாத் திரிஞ்சன்.

மாமா, உங்களுக்கு வேறை விளையாட்டே கிடைக்கேல்லையோ? சீட்டு இருக்கு, மீன்பிடி இருக்கு. ஷுட்சன்பெராயின் எண்ட சுடுற சங்கம்தான் வேணுமோ? பச்சைச் சட்டை, இறகு வச்ச தொப்பி எல்லாம் போடுவியளோ? படம் அனுப்புங்கோ. அம்மாவுக்கு அனுப்பிப்போடாதேங்கோ!

எனக்கு அப்பாவின்ரை முகமே தெரியாது. அதாலை நீங்கள் சுடுறதிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ. அப்பம் எண்டே இருக்கட்டும். உங்கடை கடிதம் வந்த நாளிலை இருந்து மனுசி சிரிக்கிறாவாம், ரீச்சர் அன்ரி சொன்னவ. நான் வாங்கிக் குடுத்த போனைச் சேலைக்குக் கீழை வச்சிட்டு, உங்கடை கடிதத்தைப் பைபிளுக்குள்ளை வச்சிருக்கிறாவாம்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைச்சா வாறன். வந்தா அப்பம் சுட்டுத் தருவியள்தானே?

ஜெசிக்கா


ஹம்
05.05.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். இங்கே மரமெல்லாம் பூத்திருக்கிறது. எனக்குத் தும்மல் ஓயவில்லை. நீ சுகமா? வெயிலுக்குள் சந்தைக்கு நடக்காதே.

நீ சொன்னபடி மூன்று இடத்தில் இரட்டித்து எழுதிப் பழகினேன். அப்பச்சட்டி. அப்பச்சட்டி. பார், எவ்வளவு அழகாக வருகிறது!

ஓம், சனிக்கிழமைகளில் சுடுவதுதான். என்ன அப்பம் என்று கேட்டிருந்தாய். இங்கே எல்லாம் ஒரு மாதிரித்தான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். லோத்தர் மலிவு விலையில் சாமான் வாங்கி வந்தான். ஏதோ பழைய கிடங்கில் கிடந்ததாம். அதில் சுட்டோம். நான் எப்போதும் போலத் துடைத்தேன். வழக்கமாகத் துணியில் கரிதான் வரும், கறுப்பாக, வழவழவென்று. இந்த முறை கரிக்கு அடியில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளைப் படை இருந்தது. விரலால் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத நறநறப்பு. துணியால் தேய்த்து, நல்ல எண்ணெய் பூசி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால், உள்ளுக்குள் முழுக்கக் கறள்! செம்மஞ்சள் நிறத்தில், பூஞ்சணம் பிடித்த மாதிரி.

கடைசியாகத் துடைத்தது யார் என்று கேட்டார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே போதும். சங்கத்துச் செயலாளர் நல்ல மனுசி. "லோறன்ஸ், உனக்கும் வயதாகிறது, துடைக்கிற துணியும் எண்ணெயும் உள்ள பெட்டியை இனி வேறு ஒருவர் பார்க்கட்டும்" என்று சொன்னா. நான் எண்ணெய் பூசினேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்த டொச்சுப் பாசை அவசரத்துக்கு வராது. இப்போது நான் மூலையில் இருந்து கோப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

அந்த வெள்ளை என்னவாக இருக்கும்? இரும்புச் சட்டியோடு புழங்குகிறவள் நீ. உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

உன் அண்ணன்
லோறன்ஸ்


மன்னார்
16.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம். உங்கள் தும்மலுக்கு மல்லித் தண்ணீர் குடியுங்கள்.

கடிதத்தை வாசித்துவிட்டு ரீச்சரிடம் போய் அரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன், அவ என்னவோ அந்தச் செயலாளர் மாதிரி. என் அண்ணை எண்ணெய் பூசாமல் சட்டியை வைப்பாரா? கருவாட்டு வாடியில் உப்போடு வளர்ந்தவர் அப்படிச் செய்வாரா?

அண்ணை, அது உப்பு. வேறு ஒன்றும் இல்லை. மலிவு மாவில் என்னத்தையோ கலந்து விற்றிருக்கிறான். அடுப்புச் சூட்டில் மாவு கருகும், உப்புக் கருகாது, இரும்போடு ஒட்டிப்போய்க் கிடக்கும். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். நீங்கள் செய்த பிழை ஒன்றுதான். உப்பின் மேல் எண்ணெயைப் பூசிவிட்டீர்கள். எண்ணெயில் உப்புக் கரையாது. கள்ளனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின மாதிரி! முதலில் கொதி தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இரண்டு மூன்று தரம். பிறகு சூட்டில் வைத்து ஈரம் போகக் காயவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெய்.

இதை அந்த மனுசிக்கு டொச்சில் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் ஜெசிக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெட்டியை வாங்காமல் வர வேண்டாம்.

கோயிலில் பூசை வைக்கிற சுவாமிக்கும் சொன்னேன், அண்ணை வெள்ளைக்காரருக்கு அப்பம் சுட்டுக் கொடுக்கிறார் என்று. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவர் என்னைப் பார்த்து அப்பத்தைப் பிரட்டுகிற மாதிரிக் கை காட்டினார். அப்பத்தைப் பிரட்டுவார்களா? சுவாமிமாருக்குச் சமையல் தெரியாது. நான் சிரித்தேன். எனக்குச் சிரித்த சத்தம் கேட்காது, ஆனால் தொண்டையில் தெரிந்தது.

உங்கள் தங்கச்சி
சிசிலி


ஹம்
21.07.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை பயந்துகொண்டு எழுதுகிறேன்.

நீ சொன்னது சரி. அது உப்பேதான். உன் கடிதம் வருவதற்கு முன்பே லோத்தர் அந்தச் சாமானைத் திருத்துகிற ஆளிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டான். அவரும் உப்பு என்றுதான் சொன்னார், கொதி தண்ணீரில்தான் கழுவினார். லோத்தர் என் வீட்டுக்கு வந்து, "மலிவுக்கு ஆசைப்பட்டது நான், பேச்சு வாங்கினது நீ" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பித் தந்தான். நான் உன் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். எழுத்து ஒன்றும் விளங்காமல் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

சிசிலி, அது அப்பச்சட்டி இல்லை. துப்பாக்கி. கையில் பிடிக்கிற சின்னத் துப்பாக்கி. இப்போது எனக்கு அந்தச் சொல் எழுத வரும்.

முதலில் எழுத வராமல் விட்டேன். நீ அப்பம் என்று எழுதிய பிறகு, வந்தும் விட்டேன். எழுதப் பழகி ஒரு வருடம் ஆகவில்லை, அதற்குள் பொய் எழுதப் பழகிவிட்டேன். நீ கோயிலில் போய்ச் சொல்லிச் சந்தோசப்படுகிறாய். இனியும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது.

ஒருவரையும் சுடுவதற்கு இல்லை. கடதாசியில் வட்டம் கீறி வைத்திருக்கிறார்கள், அதைத்தான். எனக்கு அதுவும் படுவதில்லை. ஏன் போகிறேன் என்று கேட்பாய். அங்கே எல்லாரும் காதை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது. என் பிழையான டொச்சும் கேட்காது. அப்படி நின்றுவிட்டு, மூடியைக் கழற்றியதும், "லோறன்ஸ், கோப்பி?" என்று யாராவது கேட்பார்கள். டொறத்தி போன பிறகு, என் பெயரைச் சொல்லி என்னை ஒன்று கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

இனி மறைக்காமல் எழுதுகிறேன். நான் துடைப்பது மூன்று வகை. கரி ஒன்று. லோத்தர் வாங்கினது மாதிரிப் பழைய மலிவுத் துப்பாக்கி ரவையாக இருந்தால், வெடிக்க வைக்கிற மருந்தில் இருந்து வருகிற அந்த உப்பு. மூன்றாவது, எரியாமல் மிஞ்சிய வெடிமருந்துத் துகள். கடுகை இடித்துப் போட்ட மாதிரிச் சின்னச் சின்னதாகத் துப்பாக்கி வாய்க்கு முன்னால் மேசையில் சிந்திக் கிடக்கும். தூரப் போகாது. கிட்டவே விழும். கூட்டி அள்ளிவிடுவேன்.

இவ்வளவுதான். கோபம் வந்தால் கோபமாக எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணன்
லோறன்ஸ்


ஹம்
29.09.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமா? நான் சுகம்.

தபால் எங்காவது தவறியிருக்கும் என்று நினைத்தேன். ஜெசிக்காவிடம் கேட்டேன். உன் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் விசாரித்து, "அம்மாவுக்குக் கிடைச்சிட்டுது மாமா. வாசிச்சவவாம். மடிச்சு வச்சவவாம்." என்று சொன்னாள். சரி.

வகுப்பில் புதிய பாடம் தொடங்கியிருக்கிறது. எனக்கு இப்போது 'ஞா' வரும். ஞாயிறு. ஞாபகம். வேறு சொல் தெரியவில்லை, நிரஞ்சனா ரீச்சரிடம் கேட்க வேண்டும்.

மழை தொடங்கிவிட்டது.

லோறன்ஸ்


ஹம்
08.12.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நத்தார் வாழ்த்து. இந்தப் படம் நான் வாங்கியது, பின்னால் உள்ள எழுத்து நான் எழுதியது. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குத் தபால்காரி வருவாள். நான் வாசலில் நிற்பதைக் கண்டால், தூரத்தில் வரும்போதே இல்லை என்று கை அசைப்பாள். படி இறங்க வேண்டாம் என்கிறாள். நல்ல பிள்ளை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மன்னார்
12.01.2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதங்களும் நத்தார் படமும் கிடைத்தன. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உண்மையை எழுதிய அந்தக் கடிதத்தை அடுப்பில் வைக்கக் கொண்டுபோனேன். சரியான கோபம். நான் உப்பு, கொதி தண்ணீர் என்று எழுதியதெல்லாம் துப்பாக்கிக்கு என்று நினைக்க, நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது. அதனால் இன்னும் கோபம் கூடியது. சுவாமியிடம் போய் அப்பம் இல்லை என்று சொல்லவும் முடியாமல், இரண்டு ஞாயிறு வேறு கோயிலுக்குப் போனேன்.

நான் எழுதாமல் இருந்தது கோபத்தால் மட்டும் இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை வாசிப்பேன், மூடி வைப்பேன். கேட்பதா விடுவதா என்று தெரியவில்லை. இப்போது கேட்கிறேன்.

அவரைக் கொண்டுவந்து கிடத்தியபோது நான்தான் சட்டையைக் கழற்றினேன். கோயிலுக்குப் போட்டுப் பழசான வெள்ளைச் சட்டை. நெஞ்சில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், கடுகை இடித்துத் தூவின மாதிரி. வள்ளத்துத் தார் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்த பிறகு அந்தச் சட்டையைத் தோய்த்தேன். எதற்குத் தோய்த்தேன் என்று கேட்காதீர்கள். தோய்க்க வேண்டும் போல இருந்தது. இரத்தம் போனது. அந்தப் புள்ளி போகவில்லை. தார் என்றால் மண்ணெண்ணெய்க்குப் போகும், மண்ணெண்ணெய் போட்டேன், அதற்கும் போகவில்லை. இடம்பெயர்ந்து ஓடியபோது அந்தச் சட்டையும் போய்விட்டது.

கொண்டுவந்தவர்கள் சொன்னதும், கடதாசியில் எழுதித் தந்ததும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் சுட்டார்கள், இவர் தூரத்தில் வலை வளைத்துக்கொண்டு நின்றார், எங்கிருந்தோ வந்த வெடி பட்டது. ஒருவரும் அவரை நினைத்துச் சுடவில்லை. அதனால் எனக்குக் கோபப்படவும் ஆள் இல்லை. கடலோடுதான் கோபப்பட்டேன். கடலோடு எவ்வளவு காலம் கோபப்படுவது?

அந்தத் துகள் தூரப் போகாது, கிட்டவே விழும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எவ்வளவு கிட்ட?

எனக்காகப் பொய் எழுத வேண்டாம். ஒரு தரம் எழுதிவிட்டீர்கள், போதும்.

சிசிலி


ஹம்
23.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்த அன்று தபால்காரி தூரத்தில் இருந்தே கடிதத்தை உயர்த்திக் காட்டினாள். ஓடிப்போய் வாங்கினேன். வாசித்த பிறகு மாடிப்படியில் இருந்துவிட்டேன்.

முதலில், "அது தார்தான், தங்கச்சி" என்று எழுதினேன். நல்ல எழுத்தாக வந்தது. நான் எழுதியதிலேயே அழகான வரி அதுதான். கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரிந்தது மேசையில் சிந்துவது மட்டும். சட்டையில் எப்படி என்று தெரியாது. தெரியாததை உனக்கு எழுதக் கூடாது. லோத்தரிடம் போய், ஒரு வெள்ளைத் துணியைத் தூக்கிவிட்டுச் சுட்டுக் காட்ட முடியுமா, கிட்ட ஒன்று, தள்ளி ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று என்று கேட்டேன். "எதற்கு?" என்றான். "ஒரு சட்டையைப் பற்றித் தெரிய வேண்டும்" என்றேன். "யாருடைய சட்டை?" என்றான். "என் தங்கச்சி புருசனுடையது" என்றேன். அவன் உள்ளே போனான். தன் மனைவியின் துணி கொழுவுகிற கவ்விகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான். செயலாளர் மற்றவர்களை வெளியே கோப்பிக்கு அனுப்பிவிட்டா.

நான் சுடவில்லை. லோத்தர்தான் சுட்டான். நான் ஒவ்வொரு துணியையும் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

மிகக் கிட்டப் பிடித்த துணியில் கரி புகை மாதிரிப் படிந்திருந்தது. கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் வைத்த துணியில் புகை இல்லை, புள்ளிகள் இருந்தன. ஓட்டையைச் சுற்றி, கடுகை இடித்துத் தூவின மாதிரி. விரலால் தட்டினேன், கொஞ்சம் விழுந்தது, மிச்சம் நூலுக்குள் ஏறியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சவர்க்காரம் போட்டேன். போகவில்லை. மூன்றாவது துணியை நாலைந்து எட்டுத் தள்ளி வைத்தோம். அதில் ஓட்டை மட்டும்தான். மற்றபடி வெள்ளை வெளேரென்று இருந்தது.

அன்று என்ன துப்பாக்கி என்று எனக்குத் தெரியாது. சின்னதோ பெரியதோ. அதனால் இத்தனை அடி என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் நீ கண்டது அதுவென்றால், கரையில் இருந்தோ இன்னொரு வள்ளத்தில் இருந்தோ சுட்ட வெடியில் அது வராது. லோத்தரிடமும் கேட்டேன். அவனும் வராது என்றான்.

சிசிலி, அது எங்கிருந்தோ வரவில்லை. ஒருவன் மச்சானுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறான். மச்சான் அவனைப் பார்த்திருப்பார். அவனும் மச்சானைப் பார்த்திருப்பான்.

நீ பொய் வேண்டாம் என்றபடியால் எழுதினேன். இதை எழுதவா எழுத்துப் பழகினேன் என்று இருக்கிறது. கையெழுத்து வழக்கத்தைவிட மோசம். மன்னித்துக்கொள்.

அன்று எல்லாம் துடைத்து முடிய, லோத்தர் பெட்டியை என்னிடம் இருந்து வாங்கித் தானே தூக்கிக்கொண்டு வந்தான்.

சாப்பிடாமல் இருக்காதே. ரீச்சரைக் கொஞ்ச நாளைக்கு உன்னோடு படுக்கச் சொல்லு.

உன் அண்ணன்
லோறன்ஸ்


மன்னார்
06.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்குச் சுகம். சாப்பிடுகிறேன். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள், படியில் ஓட வேண்டாம், கடிதம் எங்கேயும் போய்விடாது.

உங்கள் கடிதத்தை முற்றத்தில் இருந்து வெயிலில் வாசித்தேன். ரீச்சர் வேலிக்கு மேலால் பார்த்து, என்ன என்று கையால் கேட்டா. அண்ணை எழுதியிருக்கிறார் என்று சொன்னேன். அதுதானே உண்மை.

கையெழுத்து மோசம் இல்லை. எனக்கு எல்லாம் விளங்கியது.

சனிக்கிழமைகளில் நீங்கள் போங்கள். போகாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தால்தான் எனக்குக் கோபம் வரும். அந்த லோத்தர் என்ற மனுசனுக்கு நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். துணிக்கு அவர் மனைவியின் கவ்வியைத் தந்ததற்கு நன்றியும் சொல்லுங்கள்.

ஜெசிக்காவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டும், எழுதிச் சொல்கிறேன்.

இன்று பூசைக்குப் போனேன். பழைய கோயிலுக்கேதான். எனக்குச் சனம் சொல்வது கேட்காது என்றாலும், எல்லாரும் வாய் அசைப்பதைப் பார்த்து நானும் சேர்ந்து சொல்லிக்கொண்டு போவேன். பரலோக மந்திரத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களைப் பொறுக்கிறோம் என்று சொல்கிற இடம் வந்தது. அவர் போன நாளில் இருந்து அந்த இடத்தை நான் ஒரு யோசனையும் இல்லாமல் சொல்லிவந்தேன். மன்னித்துப் பொறுப்பதற்கு எனக்கு ஒருவரும் இருக்கவில்லையே. இன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்ற ரீச்சர், காது கேளாதவள் இடத்தைத் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்து, செபப் புத்தகத்தை விரித்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினா. அவவின் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினேன். எனக்கு இடம் தெரியும் என்று தலையாட்டினேன்.

உங்கள் தங்கச்சி
சிசிலி